மண் காணாத கீரை

அன்னம் எதிலிருந்து பிறக்கிறது என்னும் விசாரணையில் உபநிஷத்துக்களே ஒன்றோடொன்று முழுதும் ஒத்துப் பேசுவதாக மேலோட்டமாகப் பார்ப்பவனுக்குத் தோன்றுவதில்லை. ஆகாயத்திலிருந்து வாயுவும், வாயுவிலிருந்து அக்கினியும், அக்கினியிலிருந்து நீரும், நீரிலிருந்து பிருதிவியும் தோன்ற, அந்தப் பிருதிவியிலிருந்து செடிகொடிகளும், அவற்றிலிருந்து அன்னமும், அன்னத்திலிருந்து மனிதனும் உண்டானதாகத் தைத்திரீயம் படிப்படியாக இறங்கி வருகிறது. சாந்தோக்கியத்தில் உத்தாலக ஆருணி தம் மகன் சுவேதகேதுவுக்கு உபதேசிக்கும் கிரமமோ மிகச் சுருக்கமானது: சத்திலிருந்து தேஜஸ், தேஜஸிலிருந்து நீர், நீரிலிருந்து நேராக அன்னம். மழை எங்கே பெய்கிறதோ அங்கே அன்னம் பெருகுவதைப் பார்க்கவில்லையா என்று பிரத்தியட்ச உதாரணத்தையும் அவர் உடனே காட்டிவிடுகிறார். நடுவில் இருந்த மண் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? பிரம்ம சூத்திரம் தன் இரண்டாம் அத்தியாயத்து மூன்றாம் பாதத்தில் இந்த ஐயத்தையே எடுத்துக்கொண்டு, நீரே நெல்லையும் யவத்தையும் பிறப்பித்தது என்று கொள்வதை, மறுப்பதற்கென்று முதலில் எடுத்துவைக்கும் பூர்வபட்சமாக நிறுத்துகிறது. பிறகு, அவ்விடத்தில் பேசப்படுவது பூதங்களின் சிருஷ்டியாதலாலும், அந்த அன்னத்துக்குக் கருநிறம் சொல்லப்பட்டிருப்பதாலும், நீரிலிருந்து பிருதிவி தோன்றியதென்று வேறொரு சுருதி வெளிப்படையாகவே கூறுவதாலும், அங்கே கருதப்பட்டது மண்ணே என்று சித்தாந்தம் செய்துவிடுகிறது. பாடசாலைகளில் இந்த இடம் அதிக ஆரவாரமின்றிக் கடந்துவிடப்படும். உழுத நிலத்தையும் முளைத்த பயிரையும் அன்றாடம் கண்டுகொண்டிருந்த மாணாக்கர்களுக்கு, மண்ணில்லாமல் அன்னமுண்டு என்ற பூர்வபட்சம் வாதத்துக்காகக் கற்பித்துக்கொண்ட ஒன்றாகவே பட்டிருக்க வேண்டும்.

அந்தப் பூர்வபட்சத்துக்கு இப்போது நகரத்து மொட்டைமாடிகளில் உயிர் வந்திருக்கிறது. சாதனம் மிக எளியது. பத்துப் பதினைந்து லிட்டர் கொள்ளக்கூடிய, வெளிச்சம் ஊடுருவாத ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதன் வாயை மூடும் அளவுக்கு அறுத்தெடுத்த ஒரு தெர்மோகோல் பலகை, பலகையில் சாணுக்கு ஒன்றாக இட்ட துளைகள், துளைகளில் தொங்கும் சிறு வலைக்கிண்ணங்கள், கிண்ணங்களில் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கட்டிகளாக வரும் தென்னைநார்த் தூள் ஒரு பிடி. இவ்வளவையும் சேர்த்துவைத்து, தூளின் மேற்பரப்பிலே லெட்யூஸ் விதையை ஆழப் புதைக்காமல் ஒட்டினாற்போல் வைத்து, நாற்று இரண்டு இலை விட்டதும் கிண்ணத்தின் அடி நனையும் அளவுக்கு உர உப்பு கரைத்த நீரைத் தொட்டியில் நிரப்பிவிட்டால், அதன் பிறகு ஐந்தாறு வாரத்துக்கு மனிதன் செய்ய வேண்டியது அநேகமாக ஒன்றுமில்லை. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்னார்டு கிராட்கி பரவச் செய்த இம்முறையில் பம்பும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. சென்னை போன்ற ஊர்களில் வெயில் தணிந்த கார்த்திகை முதல் மாசி வரையிலான காலமே இக்கீரைக்கு இசைந்தது. சித்திரை வெயிலில் விதை முளைப்பதே அரிது, முளைத்தாலும் இலை கசந்து தண்டு ஓடிப் பூத்துவிடும்.

மூன்றாம் வாரத்தில் அந்தப் பலகையை ஒரு கையால் மெல்ல உயர்த்திப் பார்ப்பவன், தன் அறிவுக்கு எட்டாத ஓர் ஏற்பாட்டைக் காண்பான். செடி குடித்த அளவுக்கு நீர்மட்டம் தாழ்ந்திருக்கும். முன்பு நீரில் முழுகியிருந்த வேரின் மேற்பாதி இப்போது ஈரக்காற்றில் தொங்கிக்கொண்டு, பஞ்சுபோல் வெண்மையான நுண்மயிர்களைச் சிலிர்த்து நிற்கும். கீழ்ப்பாதி மட்டும் வழவழவென்று நீண்டு நீருக்குள் கிடக்கும். மேற்பாதி மூச்சுக்கு, கீழ்ப்பாதி ஆகாரத்துக்கு. நீர் குறைகிறதே என்று இரக்கப்பட்டு ஒருவன் தொட்டியை மறுபடியும் விளிம்புவரை நிரப்பினால், காற்றுக்குப் பழகிய வேர் மூச்சுத் திணறிச் செடி துவண்டுவிடும். நீரில் வளரும் செடி நீரின் குறைவினால்தான் பிழைக்கிறது என்ற இந்த விந்தை, பூர்வபட்சக்காரன் எதிர்பார்த்த நீர்த்தத்துவத்தை அப்படியே நிலைநாட்டுவதாகவும் இல்லை.

எங்கள் வீட்டில் இந்தத் தொட்டிகளில் லெட்யூஸோடு பாலக்கீரையும் புதினாவும் உண்டு. ஓர் அமாவாசைக்கு முன்தினம் என் பெரியம்மா மாடிக்கு வந்து, பலகையைத் தூக்கி வேரை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏன்டா தம்பி, மண்ணே படாம வளந்திருக்கே, இதப் படையலுக்கு வெச்சா ஆகுமா?" என்று கேட்டார். "ஆகாதுன்னு யாரு பெரியம்மா சொன்னா?" என்றேன். "ஆகும்னு யாரு சொன்னா?" என்று அவர் திருப்பிக் கேட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார். லெட்யூஸ் நம் தெய்வங்களுக்குப் பழக்கமில்லாத கீரை என்பது வேறு விஷயம். அவர் கேட்டது பாலக்கீரையைப் பற்றி. சாஸ்திரம் படித்தவர்கள் வாதத்துக்காக எழுப்பிய ஐயத்தை, படைக்கிற பொறுப்புள்ள ஒருவர் காரியத்துக்காக எழுப்பியதனால், அது அலட்சியமாகத் தள்ளத்தக்கதன்று என்று எனக்குப் பட்டது.

நீர்க்கட்சியை நம் தேசத்தார் வாதத்தோடு விட்டார்கள். ஐரோப்பாவிலே அதைத் தராசில் நிறுத்தே பார்த்தார்கள். பிரஸ்ஸல்ஸ் நகரத்து வான் ஹெல்மான்ட் என்பவர், உலர்த்திய மண் 200 பவுண்டு நிறுத்து ஒரு தொட்டியிலிட்டு, ஐந்து பவுண்டு நிறையுள்ள வில்லோக் கன்று ஒன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டுமே வார்த்து வளர்த்து, பிறகு மரத்தை எடுத்து நிறுத்தபோது அது 169 பவுண்டுக்குச் சிறிது அதிகமாக இருந்ததென்றும், மண்ணோ இரண்டு அவுன்ஸ் அளவே குறைந்திருந்ததென்றும் எழுதி வைத்தார். அவர் காலஞ்சென்ற பின் 1648இல் அதைச் சொல்லும் நூல் வெளிவந்தது. மண் அநேகமாகக் குறையாததால், மரமும் பட்டையும் வேரும் நீரின் பரிணாமமே என்பது அவர் முடிவு. உத்தாலகர் அதைக் கேட்டிருந்தால் மறுத்திருப்பாரோ, புன்னகை செய்திருப்பாரோ! அதன்பின் அரை நூற்றாண்டு கழித்து, 1699இல், இங்கிலாந்தில் ஜான் உட்வர்டு என்பவர் புதினா வகையொன்றை மழைநீரிலும், ஊற்றுநீரிலும், தேம்ஸ் நதிநீரிலும், தோட்டத்து மண்ணைக் கலக்கிய நீரிலும் தனித்தனியே வளர்த்துப் பார்த்தார். எந்த நீர் எவ்வளவு கலங்கியதோ அவ்வளவுக்குச் செடி செழித்தது, தெளிந்த நீரில் இருந்தது மெலிந்தது. தாவரத்தின் உடலை ஆக்குவது நீரன்று, நீர் சுமந்துவரும் ஒருவகைப் பார்த்திவப் பொருளே என்று அவர் தீர்ப்புச் சொன்னார். வான் ஹெல்மான்டின் கணக்கில் அற்பமென்று ஒதுக்கப்பட்ட அந்த இரண்டு அவுன்ஸின் மர்மம் பின்பு 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியில் ஸாக்ஸ், க்னோப் என்ற இரு அறிஞர்களால் வெளியாயிற்று. செடிக்கு வேண்டிய உப்புக்கள் இன்னின்னவென்று பிரித்தெடுத்து, அவற்றை மட்டும் கரைத்த நீரில் அவர்கள் பயிரை முழுவளர்ச்சிக்குக் கொண்டுவந்தார்கள்.

மாடித்தொட்டியில் நாம் கரைப்பது அவர்கள் கண்ட அந்த உப்புக்களின் சந்ததிதான். கால்சியம் நைட்ரேட், எப்சம் உப்பு, சாம்பல்சத்தும் மணிச்சத்தும் கொண்ட ஒரு கலவை, அணுவளவு இரும்பு, மாங்கனீஸ், துத்தநாகம், செம்பு, போரான், மாலிப்டினம் ஆகிய எல்லாம் சேர்ந்து லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை கிராம். கண்ணுக்குத் தெளிந்த நீராகவே தோன்றும் அதிலே, சமுத்திரங்கள் வற்றிப் படிந்த பூர்வகால உப்புப் படுகைகளிலிருந்து தோண்டிய பொட்டாசியம் இருக்கிறது. பாஸ்பேட் பாறையின் சாரமும் இருக்கிறது. பொட்டாசியத்துக்கு நம் தேசம் முற்றிலும் வெளிநாட்டுச் சுரங்கங்களையே நம்பியிருக்கிறது என்பதை நினைத்தால், மண்ணை விட்டுவிட்டோம் என்று மாடியில் நின்று பெருமைப்படுகிறவன், தன் ஊர் மண்ணை விட்டுத் தூரதேசத்து மண்ணைப் பொட்டலம் கட்டி வாங்கியவனே என்று தெரியும். நீரிலிருந்து அன்னம் பிறந்ததாகத் தோன்றிய இடத்திலும் பிருதிவி சூட்சுமமாக உள்ளே புகுந்து உட்கார்ந்திருக்கிறது. நாம் தொட்டுப் பார்க்கும் ஸ்தூல ஜலத்தில் பாதியே ஜலம், மற்றப் பாதியில் ஏனைய நான்கு பூதங்களும் எட்டிலொரு பங்காகக் கலந்துள்ளன என்று சொல்லும் வேதாந்திகளின் பஞ்சீகரணப் பிரக்கிரியை இந்த இடத்தில் நினைவுக்கு வராமற் போகாது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பழைய நூலில் எட்டிலொரு பங்கு என்றிருப்பதைக் கண்டு, நம் ரிஷிகள் உரப்பொட்டலத்தின் அளவையும் அறிந்திருந்தார்கள் என்று மேடையில் முழங்குவோர் இக்காலத்தில் மலிந்திருக்கிறார்கள். அது ரிஷிகளுக்கும் கௌரவமன்று, ரசாயனத்துக்கும் கௌரவமன்று. மணமே பிருதிவியின் விசேஷ குணம் என்று வைசேஷிகர்கள் வரையறுத்தார்கள். மண் தீண்டாத என் புதினாவின் இலையைக் கசக்கினால் வீடு முழுதும் மணக்கிறது. அந்த நியாயப்படி புதினாவில் பிருதிவி பூரணமாக இருக்க வேண்டும். ரசாயனியைக் கேட்டாலோ, அந்த மணத்தை உண்டாக்கும் எண்ணெய் முழுதும் கரியும் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் என்றும், கரி முழுவதும் இலை காற்றிலிருந்து கவர்ந்தது என்றும் சொல்லி, மண்ணுக்குரிய குணத்தை வாயுவின் கணக்கில் வரவு வைத்துவிடுவார். செடியின் உலர்ந்த உடலில் பெரும்பகுதி காற்றும் நீரும் வெயிலால் பிணைக்கப்பட்டதே என்பது நிச்சயமான உண்மை. மண் கொடுப்பது அதில் ஒரு சொற்பப் பங்கு. தரிசனகாரர்களின் பூதங்கள் அனுபவத்தை வகுக்க வந்தவை, ரசாயனியின் தனிமங்கள் பொருளை வகுக்க வந்தவை. இரண்டு பேரேடுகளையும் ஒன்றாகக் கூட்டினால் கணக்கு நேராகாது.

இதே ஐயத்தை யூதர்கள் எவ்வளவு நுட்பமாக அணுகுகிறார்கள் என்பதைப் பார்ப்பது சுவையானது. அவர்கள் காய்கறி உண்ணுமுன் நிலத்தின் விளைவைப் படைத்தவனை வாழ்த்துவர். நிலத்தின் விளைவல்லாத பொருளுக்கு, எல்லாவற்றையும் தன் வாக்கினால் ஆக்கியவன் என்ற பொதுவான வாழ்த்தே உண்டு. காளான் நிலத்தின்மேல் முளைத்தாலும் நிலத்திலிருந்து ஆகாரம் கொள்வதில்லை என்று கருதி, அதற்குப் பொதுவாழ்த்தையே தால்மூத் என்னும் அவர்களது சட்டநூல் விதித்தது. அப்படியானால் நீர்த்தொட்டியில் வளர்ந்த லெட்யூஸுக்கு எந்த வாழ்த்து? வேர் மண்ணைக் காணாததால் பொதுவாழ்த்தே பொருந்தும் என்று சில ரப்பிகள் தீர்த்தார்கள். இயல்பாக நிலத்தில் வளரும் இனத்தைச் சேர்ந்ததாதலால் நிலத்தின் வாழ்த்தே உரியது என்று வேறு சிலர் தீர்த்தார்கள். அவர்களுக்கு லெட்யூஸ் அற்பமான கீரையன்று. பாஸ்கா பண்டிகை இரவில் அடிமைத்தனத்தின் நினைவாக உண்ணும் கசப்புக் கீரைகளுள் மிஷ்னா என்னும் அவர்களது பழைய நூல் முதலில் பெயர் சொல்வது அதைத்தான். ஏழாண்டுக்கு ஒருமுறை நிலத்துக்கு ஓய்வு கொடுத்து உழாமலும் விதைக்காமலும் விடவேண்டும் என்ற அவர்களது நியமத்திலோ தராசு மறுபக்கம் சாய்கிறது. 2021 செப்டம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை சென்ற அத்தகைய ஆண்டில், நிலத்தினின்று துண்டிக்கப்பட்ட தொட்டிகளிலே கூரையின்கீழ் விளைந்த கீரையை ஆசாரசீலர்கள் தடையின்றி வாங்கினார்கள். வாழ்த்துக்குக் குறையாக இருந்த அதே மண்ணின்மை, ஓய்வாண்டில் அதற்குத் தகுதியாயிற்று. இதைச் சாமர்த்தியம் என்று ஏளனம் செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கீரை எதனால் ஆயிற்று என்ற கேள்வியை விட்டு, அதற்காக யாருக்கு, எதற்காகக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று கேட்டதனாலேயே ஒரே கீரைக்கு இரண்டிடத்தில் இரண்டு விடை கிடைத்தது. பெரியம்மாவின் கேள்வியும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

அப்படிக் கேட்கும்போது, மண் நமக்குச் செய்துவந்த உபகாரம் எது என்பதே விசாரிக்கத் தக்கதாகிறது. பிறப்பிப்பது என்பது அதில் ஒரு பாதி. பொறுப்பது என்பது மறுபாதி. தன்னைத் தோண்டுகிறவர்களையும் சுமக்கும் நிலத்தை வள்ளுவர் பொறுமைக்கு உவமையாக எடுத்தார். மாடித்தொட்டி வைத்துப் பழகிய பிறகு, அது வெறும் உவமையன்று, நிலத்தின் வியாபாரமே அதுதான் என்று துணிந்து சொல்லலாம் என எனக்குத் தோன்றுகிறது. களிமண்ணின் நுண்துகள்கள் சாம்பல்சத்தையும் சுண்ணாம்புச்சத்தையும் தம் மேனியில் பற்றிவைத்திருந்து, வேர் கேட்கக் கேட்கச் சிறுகச் சிறுக விடுகின்றன. குடியானவன் ஒரு கூடை எரு அதிகமாகக் கொட்டினாலும், ஒரு வாரம் தண்ணீர் பாய்ச்ச மறந்தாலும், புளிப்போ உவர்ப்போ சற்று மிகுந்தாலும், மக்கிய பொருளும் கோடானுகோடி நுண்ணுயிர்களும் சேர்ந்து அந்தப் பிழையைத் தம்முள் வாங்கிக்கொண்டு, பயிரின் காதுக்கு எட்டாமல் சமன் செய்துவிடுகின்றன. நீருக்கு இந்தத் தாட்சிணியம் கிடையாது. கரைசலின் கார அமில அளவு ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையே நிற்க வேண்டும். அதற்கு மேலேறினால், இரும்பு தொட்டியில் இருந்தும் செடிக்கு எட்டாமற்போய், புதுத்தளிர் நரம்பு மட்டும் பச்சையாக வெளுத்துவிடும். கால்சியம் நைட்ரேட்டையும் எப்சம் உப்பையும் கெட்டியாக ஒரே குவளையில் கரைத்தால், இரண்டும் கூடி ஜிப்சமாகி வெள்ளைச் சுண்ணம்போல் அடியில் படிந்துவிடும். செடிக்குப் போகவேண்டியது செடிக்குப் போகாது. ஆதலால்தான் இரண்டு பாட்டில்களில் தனித்தனியே கரைத்துவைத்து, நிறைந்த தொட்டியில் ஒன்றன்பின் ஒன்றாக விடுகிறார்கள். பலகையின் விளிம்பில் விரற்கடை வெளிச்சம் புகுந்தாலும் பாசி படரும். நேற்றைய தவறு நாளைக்கே இலையில் எழுதப்பட்டுவிடும்.

மண்ணில்லா வேளாண்மைக்கு நவீன காலத்தில் பெயரும் புகழும் தேடித்தந்த கலிபோர்னியப் பல்கலைக்கழகத்து கெரிக்கி, ஏணி வைத்துப் பறிக்கவேண்டிய உயரத்துக்குத் தக்காளிக் கொடிகளை நீரில் வளர்த்துக் காட்டி 1930களில் பத்திரிகைகளை மயக்கினார். அதே பல்கலைக்கழகத்து ஹோக்லண்டும் ஆர்னனும் 1938இல் நிதானமாக ஆராய்ந்து எழுதிய அறிக்கையோ, நல்ல மண்ணில் விளைவதைக் காட்டிலும் நீரில் விளைவது மேலானதென்று சொல்வதற்கு ஆதாரமில்லை என்று அந்த மயக்கத்தைத் தெளியவைத்தது. அந்த அறிக்கையிலிருந்த கரைசலின் சூத்திரம் இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. விளைச்சலில் மண்ணும் நீரும் சமம் என்றால் வித்தியாசம் எங்கே? நிலம் பேசாமல் சுமந்த பொறுப்பைத் தொட்டியில் மனிதன் தன் தோளில் ஏற்றிக்கொள்கிறான். நிலத்தின் தர்மத்தை ஏற்றவன் நிலத்தின் பொறுமையையும் ஏற்க வேண்டியிருக்கிறது. அது எல்லோருக்கும் இலகுவில் வருவதில்லை, தராசும் மீட்டரும் வாங்கிவிட்டதனால் மட்டும் வந்துவிடுவதுமில்லை.

கலப்பை இல்லாத வேளாண்மையாதலால் இது அகிம்சைக்கு உகந்தது என்று சொல்லும் ஒரு கட்சியும் உண்டு. இரும்பு முனை பூமியையும் அதிலுள்ள பிராணிகளையும் கொல்கிறது என்று மனு உழவைக் குறைகூறியதும், சமணர்கள் உழுதொழிலை விட்டு வாணிகத்தை நாடியதும் அவர்களுக்குத் துணையாகின்றன. மண்புழு சாகாத கீரை என்பது மெய்யே. ஆனால் சமண நூல்கள் மண்ணுக்கு உயிர் சொன்னதுபோலவே நீருக்கும் காற்றுக்கும் நெருப்புக்கும் உயிர் சொல்லியிருப்பதனால், பாதரட்சையைக் கழற்றிவிட்டதால் மட்டும் எறும்பு சாகாது என்று இருந்துவிட முடியாது. தொட்டிக்குரிய பிளாஸ்டிக்கும், சுரங்கத்துக்குரிய வெடியும், கப்பலுக்குரிய எண்ணெயும் எங்கோ கண்காணாத இடத்தில் தம் ஹிம்சையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. இந்தக் கட்சியை இதற்குமேல் நீட்ட வேண்டியதில்லை.

படையலுக்கு ஆகுமா என்பதற்கு நான் கண்ட விடை, ஆகும் என்பதே. உணவை ஆக்க நிலம் மட்டும் போதாது, அதனோடு நீரைக் கூட்டிவைக்கிற அரசனே உடலையும் உயிரையும் படைத்தவனாவான் என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் புறநானூற்றில் அறிவுறுத்தியபோது, இந்தச் சேர்க்கை இன்னவிடத்தில்தான் நிகழவேண்டும் என்று அவர் நிபந்தனை விதிக்கவில்லை. ஏரியின்கீழ் வயலில் நிகழ்ந்த அந்தச் சேர்க்கை பத்து லிட்டர் தொட்டியில் நிகழ்வதால் அது அன்னமாகாமற் போய்விடாது. காஞ்சியிலே பிருதிவி லிங்கமாக, மேனியில் நீரபிஷேகம் ஏற்காமல் நிற்கிறவனும், ஆனைக்காவிலே ஊறிக்கொண்டேயிருக்கும் நீருக்கு நடுவே அப்பு லிங்கமாக நிற்கிறவனும் ஒருவனே என்று வணங்குகிறவர்களுக்கு, அவன் முன் வைக்கும் கீரையின் வேர் மண்ணில் நின்றதா நீரில் நின்றதா என்பது தடையாக வேண்டிய அவசியமில்லை. பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்படின்னா கழுவி எடுத்து வை, உப்புத் தண்ணில கெடந்தது" என்று மட்டும் சொன்னார்.

ஒரேயொரு இடத்தில் மாத்திரம் இந்தத் தொட்டியை நான் ஒப்பமாட்டேன். கோயில் திருவிழா தொடங்குமுன் மிருத்சங்கிரகணம் என்று மேளதாளத்தோடு சென்று, பூமியைப் பூசித்து மண்ணெடுத்து வந்து, பாலிகைக் கிண்ணங்களில் நிரப்பி நவதானியம் விதைத்து அங்குரார்ப்பணம் செய்கிறார்கள். கலியாண வீட்டிலும் சுமங்கலிகள் பாலிகை தெளிக்கிறார்கள். கிராமத்து அம்மன் கோயிலில் பெண்கள் இருட்டறையில் முளைப்பாரி வளர்த்துத் தலையில் சுமந்து வருகிறார்கள். அண்மையில் ஒரு நண்பர், முளைப்பாரிக்கு நார்த்தூளும் கரைசலும் கொண்ட தட்டுக்களைப் பயன்படுத்தினால் முளை ஒரே சீராகவும் அழுக்கின்றியும் வருமே என்று யோசனை சொன்னார். சீராக வரும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே முளை உண்பதற்கும் அன்று, படைப்பதற்கும் அன்று. இந்த மண் இன்னும் பிறப்பிக்க வல்லதா, நம் காரியத்தைத் தாங்கச் சம்மதிக்கிறதா என்று மண்ணையே கேட்பதற்காக அது விதைக்கப்படுகிறது. முளை கோணலாக வந்தாலும், ஓரிடத்தில் அடர்ந்து ஓரிடத்தில் வெளுத்து வந்தாலும், அது அந்த மண் சொன்ன பதில். கேள்வி யாரிடம் கேட்கப்பட்டதோ அவரையே அப்புறப்படுத்திவிட்டு, நாம் கரைத்த உப்பிடம் பதில் வாங்கிக்கொள்வதில் என்ன பிரயோஜனம் என்று கேட்டேன். நண்பர், அப்படியானால் அந்த மண்ணை எங்கே தேடுவது, ஊரைச் சுற்றி எல்லாம் மனைக்கட்டுக்களாகிவிட்டனவே என்றார். அதுதான் யோசிக்கவேண்டிய விஷயம்.